வீட்டிலேயே கலக்கும் சாக் பெயிண்ட்: பழைய அறைகலன்களைப் புதுப்பிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சமையலறையை ஒட்டிய சிறிய இடத்தில் பழைய மேசைகளையும் அலமாரிகளையும் வைத்துப் புதுப்பிக்கத் தொடங்கியதிலிருந்து, அண்டை வீட்டாரும் உறவினர்களும் சமூக மன்றத்தில் சந்திக்கும் நண்பர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டுவருகிறார்கள். தீபாவளி நெருங்கும் மாதங்களில் அவை இன்னும் அதிகமாகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லும்போது ஏதாவது ஒன்று விடுபட்டுப்போகிறது. விடுபடுவது பெரும்பாலும் துப்புரவு அல்லது காயும் நேரம் பற்றியதாக இருக்க, அதனாலேயே சிலருடைய உழைப்பு வீணானதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே, கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே ஒன்றுசேர்த்து எழுதியிருக்கிறேன்.

சாக் பெயிண்ட் என்றால் கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்ட்தானே?

இல்லை. கரும்பலகைப் பெயிண்ட், அதன்மேல் எழுதி எழுதி அழிப்பதற்கு ஏற்றபடி கடினமாகக் காய்வது. சாக் பெயிண்ட் என்பது சுண்ணக்கட்டியைத் தொட்டாற்போன்ற, பளபளப்பே இல்லாத பூச்சைத் தருவது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990இல் அறைகலன்களுக்காக உருவாக்கிய பெயிண்ட்டின் வழியாகத்தான் இந்தப் பெயர் பரவியது. அது அவருடைய நிறுவனத்தின் வணிகச் சின்னமும் ஆகும். நாம் வீட்டில் கலப்பது அந்தத் தயாரிப்பின் நகல் அல்ல. சுவருக்கு அடிக்கும் நீர்வகைப் பெயிண்ட்டான சாதாரண எமல்ஷனில் ஒரு வெள்ளைத் தூளைச் சேர்த்து, ஏறக்குறைய அதே தோற்றத்தைப் பெறும் வழி அது.

தூளைச் சேர்ப்பதால் பெயிண்ட்டுக்கு அப்படி என்ன ஆகிவிடுகிறது?

எமல்ஷனில் நிறத்துகள், நீர், அக்ரிலிக் போன்ற ஒரு பிணைப்பான் ஆகியவை இருக்கின்றன. நீர் ஆவியானதும் பிணைப்பான் மெல்லிய படலமாகி நிறத்துகள்களைப் போர்த்திக்கொள்கிறது. பிணைப்பான் தாராளமாக இருந்தால் பரப்பு வழவழப்பாகி ஒளிரும். வெளியிலிருந்து நாம் தூளைச் சேர்க்கும்போது துகள்கள் பெருகுகின்றன, பிணைப்பான் பெருகுவதில்லை. எல்லாத் துகள்களையும் முழுமையாகப் போர்த்த அது போதாமல் போவதால் பரப்பில் நுண்துளைகள் உண்டாகின்றன. அந்த மங்கலான தோற்றம், உப்புத்தாளால் தேய்த்தால் எளிதில் இழைந்துகொடுக்கும் தன்மை, மெழுகை உறிஞ்சும் தன்மை ஆகிய மூன்றும் இந்தத் துளைகளால் வருபவை.

குறையும் அங்கேயே இருக்கிறது. தூளை அதிகம் போட்டால் பெயிண்ட் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில், ஓர் அளவுக்கு மேல் போனால் பிடிமானம் குறைந்து, காய்ந்த பிறகு கையால் தடவினாலே மாவாக உதிரும். மெழுகோ வார்னிஷோ மேல்பூச்சாக இல்லாமல் சாக் பெயிண்ட்டை விடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், கால்சியம் கார்பனேட், சமையல் சோடா மூன்றும் சொல்கிறார்களே, எதைப் போடுவது?

என் தேர்வு கால்சியம் கார்பனேட். அது உண்மையான சுண்ணக்கட்டியின் மூலப்பொருள். நீரில் கரையாது, இறுகாது, மாவைப் போல மென்மையாக அரைபட்டது கிடைக்கும். கலந்து மூடிவைத்தால் சில வாரங்கள் கழித்தும் கிளறிப் பயன்படுத்தலாம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நீருடன் வினைபுரிந்து, சூடாகி, இறுகும் பொருள். அதைக் கலந்த பெயிண்ட் காய்ந்தபின் கெட்டியாக இருக்கும் என்பது அதன் சிறப்பு. சில மணி நேரத்தில் டப்பாவிலேயே தடித்துப்போகும் என்பது அதன் தொல்லை. அன்றைக்கு வேண்டிய அளவை மட்டும் கலப்பவர்களுக்கு அது பொருந்தும். வெறுங்கையால் பிசையவோ, நீர் சேர்த்த சாந்தைக் கையில் அப்பிக்கொள்ளவோ கூடாது. கனமாக இருந்தால் அதன் வெப்பம் தோலைச் சுடும்.

சமையல் சோடாவை நான் பரிந்துரைப்பதில்லை. அது நீரில் ஓரளவு கரையக்கூடிய உப்பு. கரைந்த பகுதி காயும்போது மீண்டும் படிகமாகி மேலே வெள்ளையாகப் பூக்கும். கரையாத பகுதி மணல் போல நெருடும். கையில் அதுதான் இருக்கிறது என்பதற்காக ஒரு நல்ல மேசையை அதற்குப் பலியாக்க வேண்டாம். எந்தத் தூளானாலும் அளந்து கொட்டும்போது என்95 முகக்கவசம் அணிந்துகொள்ளுங்கள்.

சரியான அளவு என்ன?

250 மி.லி. கோப்பையால் ஒரு கோப்பை எமல்ஷன், அதே கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு கால்சியம் கார்பனேட், இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி நீர். முதலில் தூளை நீரில் குழைத்து, கட்டியே இல்லாத தோசைமாவுப் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் பெயிண்ட்டில் ஊற்ற வேண்டும். தூளை நேராகப் பெயிண்ட்டில் கொட்டினால் கட்டிகள் உள்ளே மறைந்திருந்து, தூரிகை இழுக்கும்போது ஒவ்வொன்றாக உடைந்து கோடு போடும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றால் தூளும் நீரும் சம அளவில், மூன்றில் ஒரு பங்கு கோப்பை வீதம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பைக் கலவை ஒரு சிறிய கட்டிலோர அலமாரிக்கு இரண்டு பூச்சுக்குப் போதும்.

எமல்ஷன் உட்சுவருக்கானதாகவும், கடையில் உள்ளவற்றில் மிகவும் மங்கலான வகையாகவும் இருக்கட்டும். எண்ணெய்ப் பெயிண்ட்டில் இந்தக் கலவை சேராது. ஜாலான் புசார் பக்கத்து வன்பொருள் கடைகளிலும் பேட்டைக் கடைகளிலும் சிறிய டப்பாக்கள் கிடைக்கும். ஒரு மேசைக்காக ஐந்து லிட்டர் வாங்க வேண்டியதில்லை.

தேக்காவில் வாங்கிய கோலமாவு வீட்டில் நிறைய இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பும் இருக்கிறது. இவற்றைப் போட்டால் என்ன?

கோலமாவு அரிசிமாவாக இருந்தால் கட்டாயம் கூடாது. நம் ஊர் ஈரத்தில் பூஞ்சையும் பூச்சியும் அதைத் தேடி வரும். கல்மாவாக இருந்தால் அது எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று பொட்டலத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில கற்களின் தூளில் சிலிக்கா இருக்கும், உப்புத்தாளால் தேய்க்கும்போது அது மூச்சுக்குள் போகும்.

சுண்ணாம்பு பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது, ஏனெனில் சுண்ணாம்பும் கால்சியம் கார்பனேட்டும் ஒரே குடும்பம். சுவரில் அடிக்கும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து மெல்ல மெல்லக் கால்சியம் கார்பனேட்டாக மாறி இறுகுகிறது. நாம் பெயிண்ட்டில் சேர்ப்பது ஏற்கெனவே அப்படி மாறி அமைதியடைந்த பொருள். வெற்றிலைச் சுண்ணாம்போ இன்னும் மாறாதது, கடுமையான காரத்தன்மை உடையது. எமல்ஷனில் போட்டால் அதைத் திரிந்துபோகச் செய்யக்கூடும். தேக்கு போன்ற மரத்தில் பட்டால் மரத்தைக் கறுக்கவைக்கும். கண்ணில் தெறித்தால் பெரிய தீங்கு. சுண்ணாம்பைச் சுவருக்கே விட்டுவிடுங்கள்.

சாக் பெயிண்ட் என்றால் தேய்க்கவே வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பழைய வார்னிஷ் உறுதியாகவும் மங்கலாகவும் இருந்தால் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டியதில்லை. 180 எண் உப்புத்தாளால் மேலோட்டமாக ஒருமுறை தேய்த்துத் தூசியைத் துடைத்தால் போதும். பத்து நிமிட வேலைதான். ஆனால் தேய்ப்பதைத் தவிர்க்கும் உற்சாகத்தில் கழுவுவதையும் தவிர்த்துவிடுகிறார்கள். பெயிண்ட் உரிந்துவந்ததாக என்னிடம் காட்டப்பட்ட அறைகலன்களில் பெரும்பாலானவை அப்படிக் கெட்டவையே.

நம் வீட்டுச் சாமான்களில் படிந்திருப்பது வெறும் தூசியல்ல. தாளிப்பு எண்ணெயின் புகை, தலைமுடி எண்ணெய், பல ஆண்டுகள் தெளித்துத் துடைத்த பாலிஷ் எல்லாம் சேர்ந்த ஒரு படலம் அது. பாத்திரம் கழுவும் சோப்புநீரில் பிழிந்த துணியால் இருமுறை துடைத்து, பிறகு சோப்பின் மிச்சம் போக வெறும் நீரில் துடைத்து, ஒரு நாள் காயவிடுங்கள். தெளிப்பு பாலிஷில் சிலிக்கோன் இருந்திருந்தால் பெயிண்ட் ஆங்காங்கே விலகி மீன்கண் போல வட்டம் வட்டமாகத் தெரியும். அப்படித் தெரிந்த உடனே நிறுத்திவிட்டு, அரக்கு பிரைமர் (பெயிண்ட்டுக்கு முன் அடிக்கும், அரக்கால் ஆன அடிப்பூச்சு) ஒரு பூச்சு அடித்த பிறகு தொடர வேண்டும்.

அம்மா விட்டுச்சென்ற தேக்கு அலமாரி கறுத்துக் கிடக்கிறது. வெள்ளை அடித்துவிடலாமா?

அடிக்காதீர்கள் என்பதே என் பதில். தேக்கின் துளைகளுக்குள் ஒருமுறை வெள்ளைப் பெயிண்ட் இறங்கிவிட்டால், பின்னால் யார் எவ்வளவு தேய்த்தாலும் முழுதாக எடுக்க முடியாது. கறுத்திருப்பது பெரும்பாலும் மரமல்ல, பழைய வார்னிஷும் அழுக்கும்தான். மேலே சொன்னபடி கழுவி, கதவின் உட்புறத்தில் ஓர் உள்ளங்கை அளவு மட்டும் வார்னிஷை எடுத்துப் பாருங்கள். அங்கே தெரியும் பொன்பழுப்பைப் பார்த்த பிறகும் வெள்ளை வேண்டும் என்று தோன்றினால், அப்போது முடிவெடுக்கலாம். என்னிடம் இப்படிக் கேட்டவர்களில் மூவர் அந்த உள்ளங்கை அளவைப் பார்த்த பிறகு மனம் மாறினார்கள். அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த விஷயம்.

சாக் பெயிண்ட்டுக்கு ஏற்றவை வேறு: ரப்பர்மரத்து நாற்காலிகள், ஒட்டுப்போட்டுச் சரிசெய்த மேசைகள், பிளைவுட் அலமாரிகள், முன்பே யாரோ பெயிண்ட் அடித்துக் கெடுத்தவை.

ஃபார்மைக்கா ஒட்டிய அலமாரியில் பிடிக்குமா?

நேரடியாக அடித்தால் பிடித்ததுபோல் இருக்கும். நகத்தால் கீறினால் பட்டையாக உரியும். ஃபார்மைக்கா எதையும் உறிஞ்சாது என்பதால், 180 அல்லது 220 எண் தாளால் பளபளப்பு முழுதும் போகும்வரை தேய்த்து, வழவழப்பான பரப்புகளுக்கென்றே விற்கப்படும் பிடிமான பிரைமரை முதலில் அடிக்க வேண்டும். மறைவான ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறு கட்டங்கள் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். கட்டங்கள் நாடாவோடு வந்தால் அந்த அலமாரி இன்னும் தயாராகவில்லை.

தரையைக் கழுவிக் கழுவிக் கீழ்விளிம்பு உப்பிப்போன மரத்தூள் பலகைக்கு எந்தப் பெயிண்ட்டும் மருந்தல்ல. உப்பிய பகுதியை வெட்டியெடுத்துவிட்டுச் சிறு கால்கள் பொருத்துவதே வழி.

இரண்டு பூச்சு வெள்ளை அடித்தும் மஞ்சள் கறை மேலே வந்துகொண்டே இருக்கிறது. மூன்றாவது பூச்சு அடிக்கட்டுமா?

பத்துப் பூச்சு அடித்தாலும் வரும். மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நீரில் கரையக்கூடியது. நம் பெயிண்ட்டிலுள்ள நீரே அதைக் கரைத்து மேலே இழுத்து வருகிறது. தேக்கு, மகோகனி, சிவப்பு மெராந்தி ஆகியவற்றில் இதை எதிர்பார்க்கலாம். நீரால் கரையாத ஒரு தடுப்பு இடையில் வேண்டும். அதற்கு அரக்கு பிரைமரே சிறந்தது. அரக்கு எரிசாராயத்தில் கரைவது, நீரில் கரையாதது. இரண்டு மெல்லிய பூச்சு அடித்து, காய்ந்த பிறகு சாக் பெயிண்ட்டைத் தொடருங்கள். அதன் ஆவி தீப்பற்றும் என்பதால் சன்னல்களைத் திறந்துவையுங்கள். சாமி விளக்கும் அடுப்பும் அந்த நேரத்தில் அணைந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் இடமில்லை. வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைத்து அடிக்கலாமா?

வேண்டாம். பொது நடைபாதை தீ விபத்தின்போது எல்லாரும் வெளியேறும் வழி. அதில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஈரமான அலமாரியை இரவு முழுதும் அங்கே விட்டுவைப்பது விதிமீறல் மட்டுமல்ல, சக்கர நாற்காலியில் வரும் அண்டை வீட்டாருக்கு இடைஞ்சலும் ஆகும். வரவேற்பறையின் சன்னலோரத்தில் பழைய படுக்கைவிரிப்பை விரித்து, அதன்மேல் இரண்டு தாங்குகட்டைகளை வைத்து வேலை செய்யலாம். எமல்ஷனில் நெடி குறைவு என்பதால் அது இயலும்.

ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. எனக்கு ஏன் காயவில்லை?

அவை பெரும்பாலும் குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். சூரியன் உதிக்கும் முன் அது 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகலில் 60 விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஆகவே காலை பத்து மணிக்கு மேல் முதல் பூச்சைத் தொடங்கி, பிற்பகல் மூன்று மணிக்குள் இரண்டாவதை முடிப்பது என் வழக்கம். இடையில் நான்கு மணி நேரம் விடுவேன். மழை பிடித்துக்கொண்டால் இரண்டாவது பூச்சை மறுநாளைக்குத் தள்ளிவிடுவேன். மின்விசிறியைச் சுழலவிடுங்கள், குளிர்சாதனத்தில் ஈரநீக்கும் முறை இருந்தால் அது இன்னும் நல்லது.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, முழுதாக இறுகுவது வேறு. பின்னதற்கு மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். தீபாவளி அக்டோபர் அல்லது நவம்பரில் வருகிறது. அது பிற்பகல் இடிமழைக்குப் பேர்போன பருவம். பண்டிகைக்கு முந்தைய வாரம் மேசைக்குப் பெயிண்ட் அடித்து, அதன்மேல் பலகாரத் தட்டுகளை அடுக்கினால் தட்டின் வட்டம் பதியத்தான் செய்யும். ஆறு வாரங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

இழுப்பறைகள் ஒட்டிக்கொண்டு திறக்க வரமாட்டேன் என்கின்றன. என்ன செய்வது?

மேலே சொன்ன அந்த இறுகாத காலத்தில், பெயிண்ட் பட்ட இரண்டு பரப்புகள் அழுந்தினால் ஒன்றோடொன்று ஒட்டும். வெப்பமும் ஈரமும் அதைக் கூட்டும். இழுப்பறையின் பக்கங்களுக்கும் அது ஓடும் தண்டவாளத்துக்கும் பெயிண்ட் அடிக்கவே கூடாது. அடித்துவிட்டால் தேய்த்து எடுத்துவிட்டு, மெழுகுவத்தியை அங்கே தடவுங்கள். கதவுகளை இரண்டு வாரங்கள் சற்றுத் திறந்தே வைத்திருங்கள்.

மேலே மெழுகு பூசுவதா, வார்னிஷ் அடிப்பதா?

மெழுகின் அழகு தனிதான். கையில் பட்டுப்போல இருக்கும். ஆனால் தேன்மெழுகு ஏறக்குறைய 62 பாகை செல்சியசில் உருகுவது. சூடான தேநீர்க் குவளையை வைத்தால் வட்டம் விழும், ஆண்டுக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். படச்சட்டம், அலங்கார மேசை, கட்டிலோர அலமாரி ஆகியவற்றுக்கு மெழுகு. சாப்பாட்டு மேசை, நாற்காலி, சமையலறை அலமாரி ஆகியவற்றுக்கு நீர்வகை பாலியுரித்தேன் வார்னிஷ் மூன்று மெல்லிய பூச்சு என்பது என் பிரிவினை. எண்ணெய்வகை வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும் என்பதால் வெள்ளை நிறத்தின்மேல் வேண்டாம். அடர்நிறத்தின்மேல் நீர்வகையைக் கனமாக அடித்தால் பால் படிந்ததுபோல் தெரியும்.

முதலிலேயே முடிவெடுத்துவிடுங்கள். மெழுகின்மேல் பின்னால் வார்னிஷ் பிடிக்காது.

சாமி மேடைக்கும் இதையே அடிக்கலாமா?

அடித்துக் கொடுத்திருக்கிறேன், இப்போது அடிப்பதில்லை. நுண்துளைகள் உள்ள மங்கலான பரப்பில் விளக்கெண்ணெய் சொட்டினால் உள்ளே இறங்கிவிடும். குங்குமமும் புகைக்கரியும் படிந்தால் துடைத்து எடுக்க முடியாது. தினமும் துடைக்க வேண்டிய இடத்துக்குச் சற்றே பளபளப்புள்ள எனாமல்தான் ஏற்றது. சாக் பெயிண்ட்தான் வேண்டுமென்றால் வார்னிஷ் மூன்று பூச்சு கட்டாயம், மெழுகு கூடவே கூடாது. விளக்கின் கீழே அகலமான பித்தளைத் தட்டை வையுங்கள், சுடருக்கு மேலே போதிய இடைவெளி இருக்கட்டும்.

வாசலில் உள்ள செருப்பு அலமாரிக்கு?

சாரல் படும் இடமென்றால் வேண்டாம். வெளிச்சுவருக்கான பெயிண்ட்டை அடியுங்கள்.

பழைய நாற்காலியில் நாலைந்து அடுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் இருக்கிறது. தேய்த்துவிட்டு அடிக்கட்டுமா?

பல பத்தாண்டுகளுக்கு முந்தைய எண்ணெய்ப் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்நிலையில் தேய்த்தால் வரும் தூசி குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மிகத் தீங்கானது. மின்தேய்ப்பானை எடுக்கவே வேண்டாம். பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால், நீரில் பயன்படுத்தும் உப்புத்தாளால் ஈரமாகவே லேசாகத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, மேலே பிரைமர் அடித்து மூடிவிடலாம். செதில் செதிலாக உதிரும் நிலையில் இருந்தால் வீட்டுக்குள் வைத்து அதைத் தொடாதீர்கள். குழந்தை வாய்வைத்துக் கடிக்கும் தொட்டில், சிறு நாற்காலி ஆகியவற்றை அந்தப் பழைய பெயிண்ட்டோடு புதுப்பிக்கும் எண்ணத்தையே கைவிடுவது நல்லது.

மிச்சக் கலவையை என்ன செய்வது?

கால்சியம் கார்பனேட் கலவையைக் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடிவைக்கலாம். ஆனால் நாம் நீர் சேர்த்தபோது பெயிண்ட்டிலுள்ள பதப்படுத்தியும் நீர்த்துப்போயிருக்கும். புளித்த வாடை வந்தால் எறிந்துவிடுங்கள். கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள், முக்கியமாகப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்ததை; குழாய்க்குள் போய் இறுகிவிடும். அட்டையில் பரப்பி முழுதாகக் காயவைத்துப் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள். தூரிகையை முதலில் பழைய துணியில் நன்றாகத் துடைத்துவிட்டே கழுவ வேண்டும்.

எல்லாம் செய்தும் ஓரிடத்தில் உரிந்துவிட்டது. முழுவதையும் எடுக்க வேண்டுமா?

முதலில் உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். அது சுத்தமாகவும் பளபளப்பாகவும் இருந்தால் அடிப்பரப்பைக் கழுவியதிலோ தேய்த்ததிலோ குறை; அந்தக் குறை பெரும்பாலும் அந்த ஓரிடத்தோடு நிற்காது. உரிந்த இடத்தைச் சுற்றி மேலே சொன்ன ஒட்டுநாடாச் சோதனையை நான்கைந்து இடங்களில் செய்யுங்கள். எல்லா இடத்திலும் வந்தால் முழுவதையும் எடுப்பதே சுருக்கமான வழி. ஈரத்துணியைப் போட்டு ஊறவிட்டு, மழுங்கிய சுரண்டியால் தள்ளினால் பாளம் பாளமாக வந்துவிடும். துண்டின் பின்பக்கத்தில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் பெயிண்ட் தனக்குள்ளேயே பிளந்திருக்கிறது, அதாவது தூள் அதிகமாகிவிட்டது. அதையும் எடுத்துவிட்டு, குறைந்த தூளோடு புதிதாகக் கலக்க வேண்டும்.

சோதனையில் அந்த ஓரிடம் மட்டும் வந்தால் அங்கே பாலிஷ் துளியோ எண்ணெயோ இருந்திருக்கும். அதன் விளிம்பை 220 எண் தாளால் சரிவாகத் தேய்த்து, அரக்கு பிரைமரைத் தொட்டுவைத்து, அதே கலவையால் இரண்டு பூச்சு அடியுங்கள். மேலே மெழுகு பூசியிருந்தீர்களானால், தேய்ப்பதற்கு முன் மினரல் ஸ்பிரிட் என்னும் பெயிண்ட் கரைப்பானில் நனைத்த துணியால் அந்த மெழுகைத் துடைத்தெடுப்பது அவசியம். ஒட்டுப்போட்ட இடம் முதல் சில நாள்கள் தனியாகத் தெரியும். மேல்பூச்சும் சேர்ந்து காய்ந்த பிறகு பக்கத்தோடு கலந்துவிடும்.